ஒளியால் சுவரெழுத்து: ஊரார் கையில் டார்ச்சைக் கொடுக்கும் முறை

இருட்டிய பின் ஒரு வெள்ளைச் சுவரின் எதிரே நின்று கையிலுள்ள டார்ச்சை அசைத்தால், அது போன வழியெல்லாம் அந்தக் கணமே சுவரில் ஆளுயரக் கோடாக எழ வேண்டும். டார்ச்சை அணைத்தால் கோடு நிற்க வேண்டும். சற்று நேரம் கழித்து அது தானாகவே மங்கி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். ஊடாடும் ஒளிச் சுவரெழுத்து என்று சொல்லப்படும் பொதுக்கலை இவ்வளவுதான். சாயம் இல்லை, சுவரில் கறை இல்லை, எழுதுபவருக்கு ஓவியத் திறமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரு புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி, ஒரு வெப்கேம், நான்கைந்து டார்ச்சுகள் ஆகியவற்றைக் கொண்டு இதை ஒரு தெருவிலோ பள்ளி மைதானத்திலோ நடத்தும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன். பெரும்பகுதி கருவிகளைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கருவியையும் ஒரே அளவுகோலால்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்: முன்பின் அறியாத ஒருவர், யாருடைய விளக்கமும் இன்றி, டார்ச் கைக்கு வந்த பத்து நொடிக்குள் தம் பெயரின் முதல் எழுத்தைச் சுவரில் பார்த்துவிட வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது எவ்வளவு அழகான காட்சி விளைவாக இருந்தாலும் அதை விலக்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

ரோட்டர்டாமில் நடந்தது

ஒளியால் எழுதும் வழக்கம் பழையது. 1949இல் தெற்குப் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில், லைஃப் இதழின் புகைப்படக்காரர் ஜியோன் மிலியின் கேமராவுக்காகப் பிக்காசோ இருட்டறையில் சிறு விளக்கொன்றைக் கையில் பிடித்துக் காற்றில் உருவங்களை வரைந்தார். ஷட்டர் திறந்தே இருந்ததால் விளக்கின் தடம் முழுவதும் படச்சுருளில் பதிந்தது. ஆனால் வரைந்துகொண்டிருந்த பிக்காசோவின் கண்ணுக்குத் தம் கோடு தெரியவில்லை. படச்சுருளைக் கழுவிய பிறகே தெரிந்தது. நெடுநேர வெளிச்சப் பதிவில் எடுக்கப்படும் எல்லா ஒளி ஓவியங்களுக்கும் இந்தக் குறை உண்டு. வரைபவர் ஒரு கணத்தில் வரைகிறார். பார்ப்பது வேறொரு கணத்தில்.

அந்த இரண்டு கணங்களையும் பொதுவெளியில் ஒன்றாக்கிக் காட்டிய முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, 2007ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நடந்த 'லேசர் டேக்'. நியூயார்க்கின் ஐபீம் என்ற கலை-தொழில்நுட்ப மையத்திலிருந்து ஈவன் ராத், ஜேம்ஸ் பவுடர்லி ஆகிய இருவரும் தொடங்கிய கிராஃபிட்டி ரிசர்ச் லேப் என்ற குழு, தியோடர் வாட்சன் எழுதிய மென்பொருளைக் கொண்டு, தொலைவில் நின்றபடியே ஓர் உயர்ந்த கட்டடத்தின் முகப்பில் எழுத வழி செய்தது. எழுதுகோலாக இருந்தது 60 மில்லிவாட் பச்சை லேசர். அதன் புள்ளி கட்டடத்தில் எங்கே விழுகிறது என்பதைக் கேமரா பார்க்கும். கணினி அந்த இடத்தைக் கணக்கிடும். புரொஜெக்டர் அதே இடத்தில் தடித்த கோட்டை இடும். ஈரச் சாயம் வழிவதுபோல அந்தக் கோடுகளிலிருந்து ஒளி கீழே வழியும்படியும் செய்திருந்தார்கள். மென்பொருளின் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டதால், அந்தக் கலை ஒரு குழுவோடு நின்றுவிடவில்லை.

அதே நகரத்தில் 2001இல் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 'பாடி மூவீஸ்' என்ற படைப்பை வைத்திருந்தார். ஒரு சதுக்கத்தின் தரையில் வலுவான விளக்குகளை வைத்து, நடப்பவர்களின் நிழல் எதிரே இருந்த கட்டடத்தின் முகப்பில் 2 முதல் 25 மீட்டர் உயரம்வரை விழும்படி செய்தார். அந்த நிழலுக்குள் மட்டும், தெருக்களில் எடுக்கப்பட்ட மனிதர்களின் படங்கள் தெரிந்தன. நிழலோடு விளையாட யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளக்கை நோக்கி நடந்தால் பெரிதாகலாம், விலகினால் சிறிதாகலாம் என்பது உடம்புக்கே தெரியும். நான் மேலே சொன்ன பத்து நொடி அளவுகோலை இந்தப் படைப்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

லேசரை ஏன் தவிர்க்கிறேன்

லேசர் டேக்கின் மென்பொருளும் செய்முறையும் இன்றும் படித்துக் கற்கத்தக்கவை. ஆனால் வழிப்போக்கர்களின் கையில் கொடுக்கும் கருவியாக லேசரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவில் பொதுவான கைலேசர்களுக்கு 5 மில்லிவாட் என்ற உச்சவரம்பு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குமேல் 500 மில்லிவாட் வரையிலானவை மூன்று-பி என்ற ஆபத்து வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் நேர்க்கதிர் கண்ணில் பட்டால், இமை மூடுவதற்குள் விழித்திரை சேதமடையலாம். பயிற்சி பெற்ற ஒரு குழு தன் கையிலேயே வைத்துக்கொள்வது வேறு. ஏழு வயதுக் குழந்தையிடம் கொடுத்து எழுதச் சொல்வது வேறு. கண்ணாடிச் சன்னலில் பட்டுத் திரும்பும் கதிரும், வாகன ஓட்டியின் கண்ணில் விழும் கதிரும், விமானத்தை நோக்கி நீளும் கதிரும் ஒரு பிடி தளர்ந்தாலே நிகழக்கூடியவை.

இணையத்தில் கிராஃபிட்டி ரிசர்ச் லேப்பின் பெயரோடு காணப்படும் இன்னொரு செய்முறை 'எல்இடி த்ரோயீஸ்' என்பது. ஒரு எல்இடி விளக்கு, ஒரு பொத்தான் மின்கலம், ஒரு வலுவான சிறு காந்தம் ஆகிய மூன்றையும் நாடாவால் சுற்றி இரும்புப் பரப்பின் மீது எறிந்தால் அது ஒட்டிக்கொண்டு ஒளிரும். 2006இல் வெளிவந்த எளிய, அழகான யோசனை அது. ஆனால் பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடக்கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினாலும் குடலுக்கு ஆபத்து. எறிந்தவற்றை யாரும் திரும்ப எடுப்பதும் இல்லை. குழந்தைகள் கூடும் நிகழ்வில் இதைச் செய்யாதீர்கள்.

டார்ச்சைக் கொண்டு செய்யும்போது அமைப்பே மாறுகிறது. லேசர் முறையில் கேமரா சுவரைப் பார்க்கிறது. நம் முறையில் கேமரா சுவரின் பக்கத்திலிருந்து மக்களைப் பார்க்கிறது. எழுதுபவர் சுவரை நோக்கி நின்று, டார்ச்சை அதே திசையில் காட்டி அசைக்கிறார். கேமரா அந்த வெளிச்சப் புள்ளியைப் பின்தொடர்கிறது. கோடு அவருக்கு எதிரே சுவரில் தோன்றுகிறது. கண்ணாடி முன் நின்று எழுதுவது போன்ற உணர்வு கிடைக்கும். இதில் இன்னொரு பெரிய வசதியும் உண்டு. சுவரைப் பார்க்கும் கேமரா, புரொஜெக்டர் போட்ட கோட்டையே புதிய எழுதுகோல் என்று தவறாக எண்ணிக்கொள்ளும். அதைத் தடுக்க நிறத்தைப் பிரித்தறிவது, அகச்சிவப்பு வடிகட்டி என்று பல ஏற்பாடுகள் தேவைப்படும். மக்களைப் பார்க்கும் கேமராவுக்கு அந்தக் குழப்பம் எழுவதே இல்லை.

சுவரும் புரொஜெக்டரும்

சுண்ணாம்பு அடித்த, வழவழப்பில்லாத சுவரே சிறந்தது. கண்ணாடி முகப்பில் படம் நிற்காது; கருங்கல் ஒளியை விழுங்கிவிடும்; எண்ணெய் வண்ணம் பூசிய சுவரில் புரொஜெக்டரின் விளக்கே ஒரு பளிச்சிடும் பொட்டாகத் தெரியும். பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பகலில் மறைந்திருக்கும் தெருவிளக்கு இரவில்தான் தன் உண்மையான பரப்பைக் காட்டும்.

சுவரின் அளவை முடிவு செய்யும்போது ஆசைப்பட்டுவிடக் கூடாது. புரொஜெக்டரின் லூமென் எண்ணை, அதாவது அது உமிழும் மொத்த ஒளியின் அளவை, சதுர மீட்டரில் படத்தின் பரப்பால் வகுத்தால் சுவரில் விழும் வெளிச்சத்தின் அளவான லக்ஸ் கிடைக்கும். 4,000 லூமென் புரொஜெக்டரைக் கொண்டு 5 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் உள்ள படத்தைப் போட்டால், 250 லக்ஸ் அளவில் கிடைக்கும். தெருவிளக்கு ஓரளவு விழும் சுவரிலும் இது துலங்கும். அதே புரொஜெக்டரைப் பின்னுக்குத் தள்ளி அகலத்தை 10 மீட்டர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, வெளிச்சம் 60 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். மங்கலான பெரிய சுவரைவிடத் துலக்கமான நடுத்தரச் சுவர்தான் எழுதுபவருக்கு மகிழ்ச்சி தரும்.

புரொஜெக்டரின் கையேட்டில் எறிவிகிதம் என்ற எண் இருக்கும். அது 1.5 என்றால், 5 மீட்டர் அகலப் படத்துக்குப் புரொஜெக்டர் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எழுதுபவர் சுவரிலிருந்து 4 மீட்டரில் நிற்பார். அப்படியானால் அவர் புரொஜெக்டருக்கும் சுவருக்கும் இடையில் வந்துவிடுகிறார், அவருடைய நிழல் அவருடைய எழுத்தின் மேலேயே விழும். இதைத் தவிர்க்கப் படத்தின் அடிவிளிம்பைத் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். புரொஜெக்டரை 3 மீட்டர் உயரத்தில், எதிர்வீட்டு மாடியிலோ உறுதியாகக் கட்டிய சாரத்திலோ வையுங்கள். அப்போது கதிரின் கீழ்விளிம்பு எழுதுபவரின் தலைக்கு மேலாக, தரையிலிருந்து ஏறத்தாழ 2.75 மீட்டர் உயரத்தில் கடந்து போகும். கையை முழுவதும் உயர்த்தினாலும் அதை எட்டாது. புரொஜெக்டர் எல்லோருக்கும் பின்னால், உயரத்தில் இருப்பதால் அதன் விளக்கு யார் கண்ணிலும் நேராகப் படாது.

மின்சாரம் அதிகம் தேவைப்படாது. புரொஜெக்டரும் மடிக்கணினியும் சேர்ந்து பெரும்பாலும் 500 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பல்பு விளக்கால் இயங்கும் புரொஜெக்டரை ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் துண்டிக்கக் கூடாது. உள்விசிறி சூட்டைத் தணிக்கச் சில நிமிடங்கள் வேண்டும். எனவே மின்தடை வந்தாலும் ஐந்து நிமிடம் தாங்கக்கூடிய ஒரு யுபிஎஸ் பெட்டியைக் கட்டாயம் இடையில் வையுங்கள். கம்பிகளைக் கூட்டத்தின் குறுக்கே கொண்டுபோகாமல் ஓரமாக இழுத்து, நடக்கும் இடங்களில் ரப்பர் விரிப்பால் மூடுங்கள்.

வெப்கேமை வைக்கும் இடம்

வெப்கேமைப் படத்தின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 2.3 மீட்டர் உயரத்தில் சுவரோடு பொருத்தி, சிறிது கீழ்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். இந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. கேமரா இப்போது புரொஜெக்டரையே நேருக்கு நேர் பார்க்கிறது. அதன் விளக்கும், அதற்குப் பின்னால் உள்ள தெருவிளக்குகளும் கேமராவுக்கு டார்ச்சுகளாகவே தெரியும். கேமரா 2.3 மீட்டரில் இருந்தால், அதைவிட உயரமான இந்த விளக்குகள் எல்லாம் அதன் படத்தின் மேல்பட்டையில் சேர்ந்துவிடும். எழுதுபவரின் கை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் அசையும். அந்த மேல்பட்டையை நிரலில் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டால் போதும். கேமராவின் பார்வையில் சாலை இருக்கக் கூடாது. ஒரு மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு, யாரோ எழுதிக்கொண்டிருக்கும் பெயரின் குறுக்கே நீண்ட கோட்டை இழுத்துவிடும்.

வழக்கமான வெப்கேமின் கிடைமட்டப் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், அது 2 மீட்டர் தொலைவில் 2.3 மீட்டர் அகலத்தையும், 4 மீட்டர் தொலைவில் 4.6 மீட்டர் அகலத்தையும் பார்க்கிறது. ஒருவருடைய இரு கைகளும் விரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஆகவே 2 மீட்டரில் நிற்கும் ஒருவர் தனியாகவே சுவரின் பெரும்பகுதியை எழுதிவிடலாம். 4 மீட்டரில் இரண்டு அல்லது மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று எழுதலாம். நான் 4 மீட்டரையே தேர்ந்தெடுக்கிறேன். தனியாக எழுத முன்வரத் தயங்குபவர்கள் துணைக்கு ஒருவர் இருந்தால் வருகிறார்கள். அருகில் எழுதும் அறிமுகமற்றவரின் கோட்டோடு தம் கோட்டை இணைப்பதும் அப்போதுதான் நடக்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் கோலமாவாலோ சுண்ணக்கட்டியாலோ ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள்.

கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே எடுக்கும் ஒளியின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியை, அணைத்தே ஆக வேண்டும். அணைக்காவிட்டால் இருட்டைக் கண்ட கேமரா தன் உணர்திறனை உயர்த்திக்கொண்டு, சட்டை, முகம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வெளிச்சமாகக் காட்டும். எக்ஸ்போஷரைக் கையால் குறைத்துக்கொண்டே வந்து, திரையில் முழு இருட்டும் அதில் டார்ச்சின் புள்ளியும் மட்டும் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். நிறங்களைத் தானே திருத்திக்கொள்ளும் தானியங்கி வெண்சமநிலையையும் அப்படியே அணைத்துவிடுங்கள். நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமரா போதும். 60 எடுப்பது கிடைத்தால் வேகமாக எழுதுபவரின் வளைவுகள் முறியாமல் வரும்.

டார்ச்சைத் தயார் செய்தல்

கடையில் வாங்கிய டார்ச்சை அப்படியே கொடுத்தால், அதன் ஒளி கூம்பாகக் குவிந்திருப்பதால் கை சற்றுத் திரும்பியவுடன் கேமராவுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு மேசைப்பந்தில் துளையிட்டு டார்ச்சின் முகப்பில் செருகி ஒட்டிவிட்டால், ஒளி எல்லாப் பக்கமும் பரவி, கையை எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு உருண்டையாகத் தெரியும். எதிரே இருப்பவர் கண்ணையும் அது கூசவைக்காது. சூடாகும் பழைய பல்பு டார்ச்சுக்கு இது ஆகாது. எல்இடி டார்ச்சு மட்டுமே. செல்லுலாய்டால் செய்த பழைய மேசைப்பந்துகள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் புதிய பிளாஸ்டிக் பந்துகளாகப் பார்த்து வாங்குங்கள்.

டார்ச்சு எப்போதும் முழு வெளிச்சத்திலேயே எரியட்டும். குறைந்த வெளிச்ச நிலையில் பல எல்இடி டார்ச்சுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. குறுகிய எக்ஸ்போஷரில் வைத்த கேமரா சில சமயம் அணைந்த கணத்தைப் பிடித்துவிட, கோடு புள்ளிபுள்ளியாக உடையும். இந்தக் கோளாறின் காரணம் புரியாமல் ஒரு முழு மாலையை நான் நிரலைத் திருத்துவதில் செலவழித்திருக்கிறேன்.

பந்துக்குள் வண்ணக் கண்ணாடித்தாளை வைத்தால் ஒவ்வொரு டார்ச்சுக்கும் ஒரு நிறம் கிடைக்கும். சுவரில் விழும் கோடும் அதே நிறத்தில் இருக்கும்படி நிரலில் அமைக்கலாம். புள்ளி மிகப் பிரகாசமாக இருந்தால் எந்த நிறமும் கேமராவில் வெள்ளையாகவே பதியும் என்பதால், நிறத்தைப் புள்ளியின் நடுவில் படிக்காமல் அதைச் சுற்றியுள்ள வளையத்தில் படிக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நன்றாகப் பிரிந்து தெரியும். மஞ்சளைத் தவிருங்கள், தெருவிளக்கோடு கலந்துவிடும்.

அழுத்திப் பிடித்தால் மட்டும் எரியும் பொத்தான் உள்ள டார்ச்சுகளாகத் தேடி வாங்குவது நல்லது. அதன் காரணம் தமிழ் எழுத்தோடு தொடர்புடையது. அதைக் கீழே சொல்கிறேன்.

நிரல் செய்ய வேண்டியவை

நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் உடனிருந்தால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். கலைஞர்களுக்காகவே கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ப்ராசஸிங் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அதிக வேகம் வேண்டுமென்றால் லேசர் டேக்குக்குப் பயன்பட்ட ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ் என்ற நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு படத்திலும், வெளிச்ச அளவு 255க்கு 230ஐத் தாண்டும் பிக்சல்களை மட்டும் நிரல் பொறுக்க வேண்டும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவற்றை ஒரு திட்டாகச் சேர்த்து, ஐந்து பிக்சலுக்கும் சிறிய திட்டுகளைத் தள்ளிவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு திட்டின் மையத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மையத்தின் கிடைமட்ட எண்ணைப் படத்தின் அகலத்திலிருந்து கழித்தால் இடவலம் திரும்பிவிடும். இதைச் செய்யத் தவறினால் கையை வலப்புறம் அசைக்கையில் கோடு இடப்புறம் போகும். எழுத்துகள் அத்தனையும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். பிறகு அந்த மையத்தைப் புரொஜெக்டரின் அளவுக்குப் பெருக்கி, இதற்கு முந்தைய படத்தில் மிக அருகில் இருந்த மையத்தோடு கோட்டால் இணைக்க வேண்டும். பல டார்ச்சுகள் இருக்கும்போது எந்தப் புள்ளி யாருடையது என்பதை இந்த அருகாமையே தீர்மானிக்கிறது. புதிய புள்ளி படத்தின் அகலத்தில் கால்பங்குக்கு மேல் தள்ளி இருந்தால், அதை வேறொருவர் தொடங்கிய புதுக்கோடாகக் கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி தொடங்கும் முன், எல்லா டார்ச்சுகளும் அணைந்திருக்கையில், இரண்டு நொடி நேரம் கேமராவைப் பார்க்கவிட்டு, அப்போது வெளிச்சமாகத் தெரியும் இடங்களையெல்லாம் நிரந்தரமாக மறைத்துவிடும் ஒரு விசையையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுச் சன்னல் விளக்கு இடையில் எரியத் தொடங்கினால், மறுபடியும் அதே விசையை அழுத்தலாம்.

படம் 5 மீட்டர் அகலத்தில் 1,280 பிக்சல்களைக் கொண்டிருந்தால் ஒரு பிக்சல் சுவரில் 4 மில்லிமீட்டர் ஆகும். கோட்டின் தடிமன் 12 பிக்சல் என்று வைத்தால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். தெருவின் மறுகோடியிலிருந்தும் படிக்கலாம். வழியும் சாயம், சிதறும் பொறி போன்ற விளைவுகளை எல்லாம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றால் கோடு கைக்குப் பின்தங்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். கை அசைந்ததற்கும் கோடு தோன்றியதற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், எழுதுபவர் தம் கையை நம்புவதை விட்டுவிடுகிறார்.

தமிழ் எழுத்துக்காகச் செய்ய வேண்டிய மாற்றங்கள்

இந்த மென்பொருள்கள் வளர்ந்த சூழலில், கிராஃபிட்டி எழுதுபவரின் கையொப்பம் பெரும்பாலும் ஒரே இழுப்பில் முடிந்துவிடும். தமிழ்ப் பெயர்கள் அப்படி முடிவதில்லை. இணையத்தில் கிடைக்கும் நிரல்களை மாற்றாமல் ஓட்டினால், நம் மக்கள் எழுதுவது பிழையாகத் தெரியும். பிழை தம்முடையது என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். அதனால்தான் இந்தப் பகுதியை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலாவது, சுழிகள். கை நடுக்கத்தை மறைப்பதற்காகப் புதிய புள்ளியைப் பழைய புள்ளிகளோடு கலந்து கோட்டை மென்மையாக்குவது வழக்கம். அந்தக் கலப்பு அதிகமானால் சிறு சுழிகள் மூடிக்கொள்ளும். மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’ ஆகிவிடும். முதல் சோதனையில் எங்கள் சுவரில் கண்ணன் என்ற பெயர் கன்னன் என்றுதான் விழுந்தது. புதிய புள்ளிக்கு 70 விழுக்காடும் பழையதற்கு 30 விழுக்காடும் கொடுத்த பிறகே சரியானது. சற்று நடுக்கம் தெரிவதில் தவறில்லை. அது அவரவர் கையெழுத்து.

அடுத்தது, புள்ளி. மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டுமென்றால் எழுதுகோலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். டார்ச்சை எடுப்பது என்றால் அணைப்பது. சொடுக்கிப் போடும் பொத்தானால் இதை விரைவாகச் செய்ய முடியாது. அழுத்திப் பிடிக்கும் பொத்தானை நான் கேட்டது இதற்காகத்தான். அது கிடைக்காவிட்டால் உள்ளங்கையால் பந்தை மூடித் திறக்கச் சொல்லுங்கள். நான்கு படங்களுக்கு, அதாவது நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கு வெளிச்சம் காணாமல் போனால், எழுதுகோல் எடுக்கப்பட்டதாக நிரல் கொள்ளட்டும். பல நிரல்களில் ஒரு கோட்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும் என்பதால், ஒரு கணம் மட்டும் மின்னிய வெளிச்சம் சுவரில் விழுவதே இல்லை. அப்படி மின்னியதை நல்ல தடித்த வட்டமாக வரையும்படி ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள். வட்டத்தின் விட்டம் கோட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் புள்ளியாக எடுப்பாகத் தெரியும்.

மூன்றாவது, நேரம். ஓர் எழுத்தை எழுத முதன்முறை டார்ச்சைப் பிடிப்பவருக்கு மூன்று நொடிவரை ஆகிறது. மீனாட்சிசுந்தரம் என்ற பெயருக்கு ஒன்பது எழுத்துகள். அரை நிமிடம் போய்விடும். அதற்குள் ‘மீ’ மங்கிவிட்டால் அவர் தம் பெயரை முழுமையாக ஒரு முறைகூடப் பார்க்க முடியாது. ஒவ்வொரு கோடும் 45 நொடி முழு ஒளியில் நின்று, அடுத்த 15 நொடியில் மெல்ல மங்கட்டும். மங்கச் செய்வதற்கு எளிய வழி, ஒவ்வொரு படத்தின்போதும் திரை முழுவதும் மெல்லிய கறுப்பைப் பூசுவது. அதை வேண்டாம் என்பேன். அதில் கோடு எழுதிய கணத்திலிருந்தே மங்கத் தொடங்கும். எண்களைச் சுருக்குவதால் வரும் பிழையினால் சாம்பல் நிறத் தடமும் அழியாமல் தங்கிவிடும். ஒவ்வொரு கோட்டையும் அது பிறந்த நேரத்தோடு சேர்த்து ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக வரைவதே சரியான முறை.

அனுமதியும் ஆட்களும்

ஒளி சுவரைக் கறைப்படுத்தாது என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சுவரின் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எதிரே சன்னல் வைத்திருக்கும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தெருவில் கூட்டம் நிற்கும் என்றால் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். வாகனம் ஓட்டுபவரின் பார்வையில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். நம் ஊர்ச் சுவர்களில் எழுதும் உரிமை நெடுங்காலமாகக் கட்சிகளிடமும் விளம்பரதாரர்களிடமுமே இருக்கிறது. தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே பெயரும் ஆண்டும் எழுதிச் சுவரைப் பிடித்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே சுவரில் இஸ்திரி போடுபவரும் பள்ளிப் பிள்ளையும் ஒரு நிமிடம் தம் பெயரை எழுதிப் பார்ப்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

உதவிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் மடிக்கணினியில், ஒருவர் கம்பிகளையும் கூட்டத்தையும் பார்க்க, ஒருவர் டார்ச்சைக் கொடுத்து வாங்க. மூன்றாமவர்தான் நிகழ்ச்சியின் முகம். அவர் விளக்கவுரை ஆற்றக் கூடாது. டார்ச்சைக் கையில் கொடுத்து, "சுவரைப் பார்த்து அசைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஒலிபெருக்கி வைத்து அழைப்பதும் தேவையில்லை. ஆரம்பத்தில் யாரும் வராவிட்டால் உதவியாளர்களே அவசரமின்றி எழுதிக்கொண்டிருக்கட்டும். பெண்கள் இயல்பாக முன்வருவதற்கு, டார்ச்சைக் கொடுப்பவராக ஒரு பெண் இருப்பது பெரிதும் உதவுகிறது.

சக்கர நாற்காலியில் இருப்பவரும் சிறு குழந்தையும் எழுதும்போது அவர்களின் கை தாழ்வான பகுதியிலேயே அசையும். கோடு சுவரின் அடியிலேயே நெருங்கிக் கிடக்கும். கேமராவின் படத்தில் எந்த உயரப் பட்டை சுவராக விரிய வேண்டும் என்பதை ஒரு விசையால் கீழே இறக்கும் வசதியைச் செய்துவிட்டால், அவர்களும் சுவரின் உச்சிவரை எழுதலாம். 2009இல் கிராஃபிட்டி ரிசர்ச் லேப்பைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு, கண்களைத் தவிர உடல் முழுவதும் அசைவிழந்த லாஸ் ஏஞ்சலிஸ் கிராஃபிட்டி கலைஞர் டோனி குவானுக்காகக் கண்ணசைவால் வரையும் ஐரைட்டர் என்ற கருவியை மலிவான பொருள்களைக் கொண்டு செய்தது. மருத்துவமனையில் படுத்தபடியே அவர் வரைந்தது நகரத்துச் சுவரில் ஒளியாக விழுந்தது. அதனோடு ஒப்பிட்டால் ஒரு விசையைச் சேர்ப்பது நமக்குக் கடினமான வேலை அன்று.

யாராவது வசவையோ சாதிப் பெயரையோ எழுதினால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். சுவரை ஒரே அழுத்தில் துடைக்கும் விசை மடிக்கணினியில் இருக்கட்டும். ஒரு மனிதரையோ ஒரு பிரிவினரையோ இழிவுபடுத்தும் எழுத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கிறுக்கல், காதலியின் பெயர், நடிகரின் பெயர், தேர்வு எப்போது முடியும் என்ற ஏக்கம் ஆகியவை எல்லாம் ஒரு நிமிடத்தில் தாமாக மங்கிவிடுபவை. அவற்றுக்குத் தணிக்கை தேவையில்லை.

மழைக்காலத்தில் புரொஜெக்டருக்கு மேல் கூரை இருந்தாலன்றித் தொடங்காதீர்கள். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரவு ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. ஒருவர் எழுதி முடித்ததும் சுவரின் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் விசை ஒன்று இருந்தால், விரும்பியவர்களுக்கு அதை அங்கேயே அனுப்பிவிடலாம். முகம் தெரியும் புகைப்படங்களை அவர்களிடம் கேட்டபிறகே எடுக்க வேண்டும். கடைசியாக எழுதியவரின் கோடு மங்கும்வரை புரொஜெக்டரை அணைக்காமல் பொறுத்திருங்கள். அதன் விசிறி ஓய்வதற்குள் டார்ச்சுகளை எண்ணி வாங்கி, மின்கலங்களைக் கழற்றி, தரையில் போட்ட மாவுக்கோட்டைக் கூட்டிவிடலாம்.